கரும்பலகையிடம் உன் அப்பா சொன்னது

கபன்ஜாஹே,
வெள்ளி மத்தியானம்.

அன்பு மகன் ஜெப்தாவுக்கு அம்மா எழுதுவது. மெஜுவா-ஜுவா, சுகமாயிரு மகனே. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் நடமாட்டமாக இருக்கிறோம், ஜப்பான் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்திலிருந்து இப்போதுதான் வந்தேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கடவுளே, நான் பார்த்ததை எப்படிச் சொல்லுவேன்!

இன்றைக்குப் பெற்றோர் வந்து பாடம் கேட்கும் நாள். உன் மனைவி மெய்ஸ்கே பாடம் நடத்தும் வகுப்பில்தானே உன் மகள் ரெஹுலினாவும் படிக்கிறாள், நானும் அப்பாவும் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தோம். இந்த வாரம் முழுக்க எல்லாப் பாடமும் ஓசையைப் பற்றித்தானாம். வேதபாடத்தில் தேவன் ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’ என்று வாயால் சொன்னது, கணக்கில் சினாபுங் மலைப் பக்கம் மின்னியபின் இடி கேட்கும்வரை எண்ணித் தூரம் கண்டுபிடிப்பது, அறிவியலில் டப்பாவும் நூலும் கட்டிப் பேசுவது. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறாளே என்று முதலில் சிரித்தேன், கேட்கக் கேட்க எனக்கே ருசித்தது.

ஆனால் என் மனசு அங்கே இல்லை. திங்கட்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது மெய்ஸ்கே திடீரென்று, “அத்தை, மாமாவுக்கு என்னைப் பிடிக்கல. மனாடோல எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல கூப்பிடுறாங்க. இந்த வருஷப் பாடம் முடிஞ்சதும் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்” என்றாள். எனக்குத் தலையில் கல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசக் கூடாது என்கிற ரெபு நமக்குப் பழகியது, வெளியூர்க்காரி அவளுக்கு எப்படிப் பழகும்? நீ இருந்தவரை நடுவில் நின்று இரண்டு பேருக்கும் சொன்னாய். நீ போனபின் அப்பாவுக்குச் சுவர்தான் துணை. “சுவரே, மீன்ல உப்பு இல்லன்னு சொல்லு”, “சுவரே, விளக்கை அணைக்காமப் போயிட்டாள்னு சொல்லு.” ஆரம்பத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அப்புறம் சிரிப்பதையே விட்டுவிட்டாள். போன ஞாயிறு நீயும், இந்த வருஷமும் லீவு இல்லையாம், மெய்ஸ்கேயிடம் சொல்லிவிடுங்கள் என்று என்னிடம் சொல்லி போனை வைத்துவிட்டாய்.

இன்றைக்கு வகுப்பில் அவள், ஓசை எதன் வழியாகப் போகும் என்று கேட்டாள். ஒரு பிள்ளை காற்று என்றது, ஒன்று தண்ணீர் என்றது. நம் ரெஹுலினா எழுந்து, சுவர் வழியாக என்றாள். சரிதான், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு உன் மகள் என்ன சொன்னாள் தெரியுமா? “எங்க தாத்தா சுவர்கிட்ட சொல்லுவார், சுவர் எங்கம்மாகிட்ட சொல்லும் டீச்சர். ஆனா எங்க வீட்டுச் சுவர்ல திட்டு மட்டும்தான் போகும், நல்ல வார்த்தை போகாது. அதான் நாங்க மனாடோ போறோம்.” எல்லாரும் குபீரென்று சிரித்தார்கள், பிறகு சட்டென்று அடங்கிவிட்டார்கள். போதகர் மனைவி திறந்த வாயை மூடவில்லை.

உன் அப்பா எழுந்தார். கோபித்துக்கொண்டு வெளியே போகிறார் என்று சட்டையைப் பிடித்தேன், உதறிவிட்டு நேராக முன்னால் போனார். அவள் முகத்தைப் பார்க்காமல் கரும்பலகைக்கு எதிரே நின்று, “பலகையே, உன் பக்கத்துல நிக்கிற என் மருமககிட்ட சொல்லு. அவ வைக்கிற மீன் எனக்குப் பிடிக்கும். தோட்டத்துக்குப் போறப்ப இந்த ஜன்னலுக்கு வெளியே நின்னு அவ பாடம் நடத்துறதைக் கேட்டுட்டுத்தான் போவேன். அவ போயிட்டா அந்த வீட்ல நான் யாருக்காகச் சுவர்கிட்ட பேசணும்? போக வேண்டாம்னு சொல்லு” என்றார். எத்தனை பேர் முன்னால்! கட்டிக்கொண்ட நாளிலிருந்து எனக்கே ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுஷன், ஜெப்தா! நான் விக்கி விக்கி அழுதுவிட்டேன்.

மெய்ஸ்கே சாக்பீஸ் தூள் படிந்த கையாலேயே கண்ணைத் துடைத்தாள். அவளும் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, “பலகையே, மாமா சொன்னது எனக்குக் கேட்டுச்சுன்னு சொல்லு. சந்தோஷமா இருக்குன்னு சொல்லு. ஆனா என்கிட்ட நேராவே பேசக்கூடிய ஒருத்தர் இருக்கார், அவருக்கு எந்த ரெபுவும் கிடையாது. அவர் கூப்பிட்டுப் பேசினப்புறம்தான் போறதா இருக்கிறதான்னு சொல்ல முடியும்” என்றாள். அப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மகனே, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை விடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இனிமேல் அவளிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லி வைக்காதே. நான் உன் அம்மா, சுவர் இல்லை. அவள் நம்பர் அதே நம்பர்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மாலெம் பெரு தாரிகான்