டீயை ஊதுகிற மூச்சு

அக்கா,

இன்று காலை பெரம்பலூர் போகும் பஸ் எறையூரைத் தாண்டும்போது, யாரோ வயலில் காய்ந்த கரும்பு இலையை, அந்தச் சோகையைக் கொளுத்தியிருந்தார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கோ உன் டீக்கடைக்குள் நுழைந்தது போலிருந்தது.

நான் எழுதுகிறேன் என்றால் சிரிப்பாய். முதியோர் வகுப்பில் இப்போதுதான் கற்றேன். இவ்வளவு எழுதுவதற்குள் பக்கத்திலிருந்த டீ ஆறிவிட்டது.

ஆலைக்குக் கரும்பு கொண்டுவரும் வண்டிக்காரர்களுக்காக விடியுமுன்னே அடுப்பு மூட்டுவாய். விறகு ஈரமென்றால் சோகைதான். புகைக்குள் நீ தெரியமாட்டாய், உன் இருமல்தான் கேட்கும். போகப் போக ஒரு குடம் தூக்கினாலே மூச்சு வாங்கி நின்றுவிடுவாய். "மூச்சு உள்ள போவுதுடா, வெளிய வரமாட்டேங்குது" என்பாய். அதெப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

"பீடி குடிப்பீங்களாம்மா?" என்று கேட்டார் பெரம்பலூர் ஆஸ்பத்திரி டாக்டர்.

"நான் எங்க சார் குடிச்சேன்? இந்தா நிக்கிறானே என் தம்பி, இவன் குடிச்சது எனக்கா வரும்?"

பொடி அடைத்த மாத்திரையும் ஒரு பிளாஸ்டிக் குழலும் கொடுத்தார்கள். குழலைச் சாமி படத்தருகே வைத்துவிட்டு, மாத்திரையை டீயோடு விழுங்கி வந்தாய். மூச்சு இன்னும் மோசமானது. அடுத்த தடவை நர்சம்மா பதறிவிட்டார்.

"ஐயோ பெரியம்மா, இத முழுங்கக் கூடாது! குழல்ல போட்டு உறிஞ்சணும்!"

"எல்லாம் வாய் வழியாத்தானே போவுது? வவுத்துக்குப் போனா என்ன, நெஞ்சுக்குப் போனா என்ன?"

உறிஞ்சத் தொடங்கிய பிறகு ஒருநாள், பீடி பற்றவைத்த என்னை ஒரே மூச்சில் முழுசாகத் திட்டினாய். இருவருமே அசந்துபோனோம். அதன் பிறகு ஒரு மழைக்காலம்தான் இருந்தாய்.

இன்று என் மூச்சுக்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுவரில் நுரையீரல் படம். தலைகீழாக நிற்கும் மரம் போல இருக்கிறது, அக்கா! கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பீடிப் புகை மட்டுமல்ல, அடுப்புப் புகையும் அந்தக் கிளைகளைச் சுருக்கிவிடுமாம். உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராதாம். நீ சொன்னதேதான்.

"மூச்சு முட்டுனா, சூடான டீய ஊதுற மாதிரி உதட்டக் குவிச்சு மெதுவா விடுங்க" என்றார் டாக்டர். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையில் கிளாஸ் இல்லாதபோதும் நீ அப்படி ஊதிக்கொண்டே நிற்பாய். பழக்கதோஷம் என்று நினைத்திருந்தேன்.

பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கையில் பாதி வழியில் மூச்சு நின்றது போலானது. வேப்பமரத்தடியில் நின்று, உதட்டைக் குவித்து, உன் டீயை ஊதினேன். கொஞ்ச நேரத்தில் மிச்ச வழியையும் நடந்துவிட்டேன்.