எடுக்காத அழைப்புகள்

அன்புள்ள உங்களுக்கு,

நலம்தானே? நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். கைபேசி இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று தோன்றும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை போன வாரம் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள், "அண்ணன் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறீங்களாமே, அவர் மேல கோபமா அண்ணி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

கோபம் இல்லை. பயம். அன்று சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் அழைப்பு வந்தது. அங்கே உங்களோடு தங்கியிருந்த நம் பிள்ளை இனி இல்லை என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியோடு கைபேசியைக் கீழே போட்டேன். நீங்கள் அவன் உடலைக் கொண்டுவந்த நாட்களில் வீடு நிறைய ஆட்கள். நாம் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. நீங்கள் வேலைக்குத் திரும்பிப் போனீர்கள். அதன் பிறகு முதல்முறை அழைத்தீர்களே, மணி அடித்ததும் பின்வாசலுக்கு ஓடினேன், அது அடங்கியதும்தான் உள்ளே வந்தேன். கைபேசியைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்தேன்.

அதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் மணி அடித்தாலும் நெஞ்சு அடைக்கிறது. வாசல் மணி, சைக்கிள் மணி எல்லாம் அப்படியே. ஒரு நாள் சலவைக்கூடத்தில் யாருடைய கைபேசியோ அடிக்க, நான் இஸ்திரிப் பெட்டியை வைத்த இடத்திலேயே விட்டு வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது விரிப்பு கருகியிருந்தது. மேற்பார்வையாளர் திட்டவில்லை. என்னைப் பின்பக்கம் மடிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார். அங்கே யாரும் வருவதில்லை. நாள் முழுக்க ஒருவரோடும் பேசாமல் வீட்டுக்கு வருகிறேன். வீட்டிலும் பேச ஆள் இல்லை.

மேற்பார்வையாளர்தான் மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். நாளை போகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள் குரலை வெறுக்காத,
உங்கள் மனைவி

*

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பதில் வந்தது. நான்கே வரி. "உடம்பைப் பார்த்துக்கொள்" என்பதை இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள்.

மருத்துவமனையில் என்னைப் பார்ப்பது ஒரு சின்னப் பெண். மருந்து கொடுப்பதில்லை, பழக்கிவிடுவதுதான் தன் வேலை என்கிறாள். என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள். ஒருவர் மணியடித்து மணியடித்துச் சோறு வைத்தே நாயைப் பழக்கினாராம். பிறகு சோறே இல்லாமல் மணிச் சத்தத்துக்கு மட்டுமே அதற்கு எச்சில் ஊறியதாம். "அதுக்காவது சோறு கிடைச்சுது, எனக்கு என்ன கிடைச்சுது?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். பிறகு நானும். சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்ததும் அழுகை வந்தது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்களே, அதுதான் எனக்கு வந்திருப்பது என்கிறாள். அடுப்பு அணைந்துவிட்டது என்று பூனையிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதுவே கிட்டே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். அதனால் எனக்குக் குறைந்த பயத்திலிருந்து பெரிய பயம் வரை படிப்படியாக எழுதச் சொன்னாள். முதலில் அவள் அறையில், மெல்லிய சத்தத்தில் மணியை ஒலிக்கவிட்டாள். எழுந்து ஓடக்கூடாது. நெஞ்சு அடித்துக்கொண்டாலும் அது தானாக அடங்கும்வரை நாற்காலியிலேயே இருக்க வேண்டும். அடங்கியது. நான் நம்பவே இல்லை, ஆனால் அடங்கியது.

பெருமையோடு வீட்டுக்குக் கிளம்பினேன். பேருந்தில் எனக்குப் பின்னால் இருந்தவருடைய கைபேசி, அவள் அறையில் கேட்ட அதே மெட்டில் அடித்தது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மழையில் நனைந்துகொண்டு வீடுவரை நடந்தேன். எல்லாம் போயிற்று என்று அவளிடம் போய்ச் சொன்னேன்.

"இறங்கினதும் நிம்மதியா இருந்துச்சாக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அந்த நிம்மதிதான் உங்க பயத்துக்குத் தீனி போடுது. ஓடினா தப்பிச்சோம்னு மனசு கத்துக்குது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்லும்."

மறுநாள் அதே பேருந்தில், என் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் வந்தாள். தன் கைபேசியை அடிக்கவைத்து, மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தாள். எல்லோரும் எங்களை முறைத்தார்கள். நான் இறங்கவில்லை. இப்போது சலவைக்கூடத்தில் முன்பக்கத்துக்கே திரும்பிவிட்டேன்.

பட்டியலில் கடைசிப் படி ஒன்று பாக்கி, உங்கள் அழைப்பை எடுப்பது. "உங்களுக்குப் பயம் மணி மேலயா, அந்தக் குரல் மேலயா?" என்று அந்தப் பெண் கேட்டாள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். உங்கள் குரலைக் கேட்டால் அந்த வரி மறுபடியும் வந்துவிடுமோ என்று இருக்கிறது. அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. அந்தச் செய்தி யாருடைய வாயிலிருந்தாவது வந்துதான் ஆகவேண்டும். அது உங்கள் வாயாக இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுங்கள். நான் எடுக்க நேரமாகும். பாதியில் வைத்துவிடாதீர்கள்.

காத்திருக்கும்,
உங்கள் மனைவி

*

அன்புள்ள உங்களுக்கு,

எடுத்துவிட்டேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உங்கள் குரல் வயதான குரலாக ஆகியிருந்தது. அந்த வரி வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை.

சாப்பிட்டாயா என்றீர்கள். சாப்பிட்டேன் என்றேன். மழையா என்றீர்கள். இல்லை, வெயில் என்றேன். அப்புறம், "சரி, வெச்சிடவா?" என்றீர்கள். வைத்ததும் உங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கும்தான் இருந்தது. அதனால்தான் உடனே இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் முன்பே உங்களைப் பற்றி உங்கள் தங்கையிடம் கேட்டிருந்தேன். முதலில் மழுப்பினாள், பிறகு சொல்லிவிட்டாள். அவனுக்கு விபத்து நடந்த சாலைச் சந்திப்பைத் தாண்டக்கூடாது என்று, வேலைக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறீர்களாம். அவன் படுத்திருந்த கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் வேறு அறைக்கு மாறிவிட்டீர்களாம். எனக்காவது அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். உங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? அந்தச் செய்தியைக் கேட்டவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். அதை வாய்திறந்து சொன்னவர் நீங்கள்.

அன்று நீங்கள் சொல்லி முடிக்கவில்லை. நான் கேட்டு முடிக்கவில்லை. மீதி உங்களிடமே தங்கிவிட்டது. காலையில் சுண்டு என்ன சாப்பிட்டான்? கிளம்பும்போது உங்களிடம் ஏதாவது வம்பு செய்தானா? கடைசியில் அவன் கையை யாராவது பிடித்துக்கொண்டிருந்தார்களா? அவன் பெயரை எழுதியதும் எழுந்து ஓடத் தோன்றுகிறது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இந்த ஞாயிறும் கூப்பிடுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டாம். அவனைப் பற்றிச் சொல்லுங்கள். நான் அழுவேன். நீங்களும் அழுங்கள். அழுதுகொண்டே சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் நான் வைக்கமாட்டேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

சுண்டுவின் அம்மா