டி டிரைவில் திறந்து கிடந்த ஃபோல்டர்

மார்ச் 3, செவ்வாய்

நாத்தனார் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புது மென்பொருள் போட்டேன். சி டிரைவில் இடமில்லை. டி டிரைவில் நானே ஒரு ஃபோல்டர் உருவாக்கி நிறுவினேன். வழக்கமான இடத்தில் போட்டால் கணினியே காவல் காக்கும். கண்டவரும் கோப்பை மாற்ற முடியாது. நாமாக உருவாக்கிய ஃபோல்டருக்கு நாம்தான் பூட்டுப் போட வேண்டும்.

"அண்ணி, இருபது பேரு காத்திருக்காங்க, சீக்கிரம்!" என்று நச்சரித்தாள். அப்புறம் பூட்டிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். வாசல்வரை வந்து ஹெல்மெட்டை மாட்டிவிட்டாள், ஏதோ நான் பச்சைக் குழந்தை மாதிரி.

மார்ச் 9

இன்னும் பூட்டவில்லை. நாளைக்கு.

மார்ச் 19, வியாழன்

சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்த ஒருவருக்கு 'இயல்பு' என்று அறிக்கை போயிருக்கிறது. டாக்டர் சந்தேகப்பட்டு மறுபடி பார்க்கச் சொன்னதால் அந்த மனிதர் தப்பினார். என் ஃபோல்டரில் இருந்த அமைப்புக் கோப்பில், சர்க்கரையின் உச்ச வரம்பு 140 என்று இருந்த இடத்தில் 410. யார் கை பட்டதோ! அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள் நாத்தனார். திங்களுக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை போய்விடுமாம்.

"நான்தான் தெரியாம எதையாவது அமுக்கிட்டேனோ அண்ணி?" என்று அழுகிறாள். ஃபோல்டரைப் பூட்டாமல் விட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை. சே, நானெல்லாம் ஒரு அண்ணியா?

மார்ச் 20

கூடத்தின் உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன். "அங்க வேலை செய்யுற யார் வேணும்னாலும் மாத்தியிருக்கலாம் சார். அப்படித் திறந்து போட்டது நான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொண்ணு வேலையில இருக்கட்டும். நீங்க இனிமே வர வேண்டாம்மா."

கூடத்து வேலை போயிற்று. சாயங்காலம் இவள் புயலாக வந்தாள். "உங்களை யாரு சொல்லச் சொன்னா?" கட்டிப்பிடித்துக்கொண்டே திட்டினாள். இவளுக்கு ஒன்று என்றால் என்னால் தாங்க முடியாது. எனக்கே இன்றுதான் தெரிகிறது.

ஏப்ரல் 7

கூடத்துக்குப் போனேன், பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க மட்டும். புது ஆள் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறான். "பாருங்க அண்ணி" என்று வரம்பை மாற்றப் பார்த்தாள். அனுமதி இல்லை என்று வந்தது. கைதட்டிச் சிரித்தாள்.

பிறகு என் அறிக்கை வந்தது. சர்க்கரை 152. பக்கத்தில் சிவப்பில், 'அதிகம்'. சிரிப்பு நின்றது. இரண்டு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"இன்னையிலேர்ந்து காப்பிக்குச் சர்க்கரை கிடையாது. அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

சாயங்காலக் காப்பியைச் சர்க்கரை போடாமலே குடித்தேன்.