அலுமாரிக் கண்ணாடியில் ஒரு கறுப்புப் பொட்டு

அக்கா,

இன்று காலை மகள் அலுமாரிக் கண்ணாடியைத் துடைத்தாள். ஈரத்துணி அந்த ஒட்டுப்பொட்டுக்குக் கிட்டப் போனதும் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துவிட்டேன். உங்களுடைய கறுப்புப் பொட்டு. நீங்கள் இந்த அறையை விட்டுப் போய் எத்தனையோ வருடம், கண்மூடியும் ஒரு வருடம்; அது இன்னும் உதிரவில்லை.

சண்டைக் காலத்தில் கொழும்பில் இதே வெள்ளவத்தை அனெக்ஸில்தான், சொந்தமில்லாத நாம் இருவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். காலி வீதிச் சோதனைச்சாவடிக்குப் பயந்து, வெளியே போகும்போது பொட்டைக் கழற்றிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவோம். தமிழ்ப் பெண்கள் எல்லோரும் செய்ததுதான். நீங்கள் அதையும் பயிற்சியாக்கிவிட்டீர்கள். நீங்கள் போட்டிக்குச் சுடும் கைத்துப்பாக்கி, துப்பாக்கிச்சுடும் சங்கத்தில் பூட்டிக் கிடக்கும். அதனால் விடிந்ததும் கண்ணாடியில் உங்கள் நெற்றி தெரியும் இடத்தில் பொட்டை ஒட்டி, வெறுங்கையை நீட்டிக் குறிபார்ப்பீர்கள். கரையோர ரயில் போகும்போது கண்ணாடி ஆடும், அதில் உங்கள் முகம் உடையும், கை மட்டும் அசையாது. பாயில் படுத்தபடி, இது உயிருள்ள ஆள்தானா என்று பார்ப்பேன். சத்தியமாகப் பயமாக இருக்கும்.

"மூச்சை விட்டுப்போட்டு நிக்கோணும். உள்ளுக்கு வைச்சிருந்தா கை பொய் சொல்லும்" என்பீர்கள்.

நாட்டுச் சாம்பியன் நீங்கள். வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் தெரிவுசெய்ய இரண்டு கிழமை இருக்கும்போதுதான் ஆமி தேடுதலுக்கு வந்தது. மேசை லாச்சியில் இருந்த, நீங்கள் சுட்டுப் பழகிய குறி அட்டையை ஒரு சிப்பாய் எடுத்து, இந்த ஓட்டைகள் என்ன என்று சிங்களத்தில் கேட்டான். நீங்கள் வாய் திறக்க முந்தி நான், பூவேலை பழகக் குத்திய அட்டை என்றேன். அடுத்ததாக அவன் கையில் வந்தது உங்கள் பதக்கமும் சங்கத்துக் கடிதமும். பிறகு ஏன் பொய் சொன்னாய் என்றான். நீங்கள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தீர்கள். மறைத்ததால் சந்தேகப்பட்டு, உங்களைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சங்கத்துக்காரர் அலைந்து திரிந்து மீட்டுவந்தபோது தெரிவு முடிந்திருந்தது. உங்கள் வலது கை நடுங்கியது. அதன்பிறகு நீங்கள் துப்பாக்கியைத் தொடவே இல்லை. சங்கச் செயலாளராகி, மேசைக்குப் பின்னால் இருந்து மற்றப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினீர்கள். ஒவ்வொரு கடிதத்திலும் உங்கள் கையெழுத்து கோணிக்கொண்டு போகும். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம், அக்கா. ஒரேயொரு நாள் மட்டும், "உண்மையைச் சொல்லத்தான் மூச்சை விட்டனான். நீ முந்திப்போட்டாய்" என்றீர்கள்.

நீங்கள் என்னைவிட ஒரு சாண் உயரம். அந்தப் பொட்டு என் தலைக்கு மேலேதான் இருந்தது. இப்போது கண்ணாடிக்கு முன்னால் நின்றால், சரியாக என் நெற்றியில் விழுகிறது. அதை யாரும் தொடவில்லை. வயதுபோன நேரத்தில் ஆள் வளருமா? விசர்க்கதை என்று எனக்கும் தெரியும்.

யாருடைய பொட்டு அம்மா என்று மகள் கேட்டாள். இத்தனை வருடமாக, யாரோ முன்பு இருந்தவர்கள் என்றே சொல்லிவந்தேன். இன்று மூச்சை முழுதாக விட்டேன்.

"துப்பாக்கி சுடுற சாம்பியன் ஒராள் இங்க இருந்தவ. நான் ஒரு பொய் சொல்லி அவவின்ர கையைக் கெடுத்துப்போட்டன்."

அப்போது ரயில் போனது. கண்ணாடி ஆடியது, அதில் என் முகம் உடைந்தது. நெற்றியில் அந்தப் பொட்டு மட்டும் அசையவில்லை.