நின்ற படகு ஓடிய தூரம்

மார்ச் 3

பழைய வேகமானி இன்றோடு செத்தது. படகின் அடியில் இருக்கும் அதன் குழாயைப் பாசி அடைத்துவிட்டது. முழு வேகத்தில் போனாலும் முள் பூஜ்யத்தில் தூங்குகிறது. துறை அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்: "வேகம் தெரியாம ஆளுங்கள ஏத்தக் கூடாது."

ஜிபிஎஸ் மீட்டர் வாங்கியாயிற்று. நானே மாட்டுகிறேன் என்றேன். அத்தான் சிரித்தார். "தத்துவம் படிச்ச கை. தொட்டா வயரே 'நான் யாரு'ன்னு கேக்கும்."

படகு எங்கள் இருவருக்கும் பாதிப் பாதி. ஓட்ட உரிமம் எனக்கும் உண்டு. ஓட்டுவது அத்தான், அக்கா புருஷன்.

மார்ச் 5

மாட்டிவிட்டேன். டாஷ்போர்டில் அறுத்த துளை கொஞ்சம் கோணல், மீட்டரின் விளிம்பு மறைத்துவிட்டது. ஆன்டெனா வானம் பார்க்கிற மாதிரி கண்ணாடிக்குப் பக்கத்தில். கறுப்பு வயர் நெகட்டிவுக்கு. சிவப்பு, சாவி சுவிட்சுக்குப் போயிருக்க வேண்டும். அங்கே முனை பச்சைபிடித்து அரித்துக் கிடந்தது. பக்கத்தில், படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கிற பம்பின் வயர். அதில் சேர்த்தேன். உடனே உயிர் வந்தது. மேலே வேகம், கீழே பொடி எண்களில் மொத்த தூரம்.

ஏரியில் ஒரு சுற்று. அத்தான் மீட்டரைப் பார்க்காமலே "பதினெட்டு" என்றார்.

பதினெட்டு.

மார்ச் 9

நேற்று மாலை கடைசிச் சவாரி முடிந்தபோது மொத்த தூரம் 212.4. இன்று காலை, வழக்கம்போல் அத்தான் எனக்கு முன்பே வந்து உறையைக் கழற்றி இஞ்சினை ஓடவிட்டிருந்தார். 215.2.

தப்பாகப் படித்திருப்பேன்.

மார்ச் 10

தப்பாகப் படிக்கவில்லை. இன்றும் மூன்று கிலோமீட்டர் கூடுதல்.

மார்ச் 12

எதிர்க்கரைக்கு ஒன்றரை. போக வர மூன்று. அங்கே என்ன இருக்கிறது? படகு வாங்கி விற்கும் தரகரின் கொட்டகை.

போன மாதம் அத்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இதத் தள்ளிவிட்டுட்டு எங்கயாவது உக்காந்துடலாம்மா." அன்றைக்கு வேடிக்கையாகத்தான் கேட்டது. நான் வீட்டுக்குப் போனபின் படகை எடுத்துப்போய்க் காட்டுகிறாரா? என்னைக் கேட்காமலா?

என்னுடையது என்று சொல்ல எனக்கு இருப்பது இந்தப் பாதிதான்.

மார்ச் 13

கயிற்றின் முடிச்சு வேறு மாதிரி இருக்கிறது. — இருக்கிறதா?

போனை எடுத்துக்கொண்டு துறையின் கடைசிவரை போய்ப் பேசுகிறார். என்னைக் கண்டதும், "சரி சரி, அப்புறம்."

சந்தேகம் வந்த பிறகு எல்லாமே சாட்சி சொல்ல வரிசையில் நிற்கிறது. இன்று எனக்கு டீ வாங்கி வந்தார். ஏன்?

மார்ச் 15

கேட்டேன். நேராக இல்லை.

"அத்தான், உங்க சாவியும் என்கிட்டயே இருக்கட்டும்."

"எதுக்கு?"

"சும்மா."

சவாரிக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால்தான். சாவியை என் கையில் தரவில்லை, டாஷ்போர்டில் வைத்தார். "சும்மாவா," என்றார்.

மார்ச் 16

இரண்டு சாவியும் என்னிடம். நான்தான் முதலில் வந்தேன். உறையைக் கழற்றினால், சாவி போடும் முன்பே மீட்டர் எரிந்துகொண்டிருக்கிறது. தூரம் மூன்று கிலோமீட்டர் கூடியிருக்கிறது.

உட்கார்ந்து பார்த்தேன். படகு கட்டியபடி கிடக்கிறது. வேகம் 0. 0. 1. 0. 2. நிற்கிற இடத்தை ஜிபிஎஸ் கொஞ்சம் அங்கேயும் இங்கேயுமாகக் காட்டுகிறது. அந்தத் தடுமாற்றத்தையெல்லாம் ஓடிய தூரமாகக் கூட்டிக்கொண்டு — ஐயோ. பம்பு வயர். சாவிய எடுத்தாலும் அதுல கரன்ட் இருக்குமே. ராத்திரி பூரா ஓடியிருக்கு. யாரும் எங்கயும் போகல. மாட்டினது நான்தானே.

அத்தான் வேலைக்கு வரவில்லை. சவாரியை ரத்து செய்துவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எரிஞ்சுக்கிட்டே இருக்குன்னு தெரியும்," என்றார். "தினமும் நான்தானே உறையக் கழட்டறேன். படிச்ச பொண்ணு, சொன்னா கோச்சுக்குவே, நீயே கண்டுபிடிப்பேன்னு விட்டுட்டேன்."

"தூரம் கூடினது?"

"அத யாரு பாத்தா? நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ சாவியக் கேட்டே."

அடுப்படியிலிருந்து அக்கா: "பெரிய ஃபெர்ரிய ஓட்டுற வேலைக்கு வாங்கன்னு ஃபெர்ரிக்காரங்க ரெண்டு மாசமா போன்ல கூப்பிட்டாங்கடி. அவ தனியா என்ன பண்ணுவான்னு மாட்டேன்னுட்டே இருந்தாரு. நேத்து சரின்னுட்டாரு. இப்ப நிம்மதியா?"

"மன்னிச்சுருங்க அத்தான்."

"சாப்பிட்டுட்டுப் போ."

மார்ச் 17

முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சிவப்பு வயரை சாவி சுவிட்சுக்கு மாற்றினேன். பத்து நிமிட வேலை.

ஏப்ரல் 6

தனியாக ஓட்டி மூன்று வாரம். இன்று ஏரி குறுகுகிற இடத்தில் ஃபெர்ரி எதிரே வந்தது. அது கிளப்புகிற அலையில் எங்கள் மாதிரிப் படகுகள் பேயாட்டம் ஆடும். எல்லாரையும் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அலை வரவில்லை. ஃபெர்ரி தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, எங்களைக் கடக்கும்வரை ஊர்ந்து போயிற்று. மேலே ஓட்டும் அறையில் அத்தான். நேர் முன்னால் மட்டும் பார்த்தபடி.

எல்லாருக்கும் குறைப்பாரா, எனக்காகவா? துறையில் வேறு படகுக்காரர்களை விசாரிக்கலாம் என்று தோன்றியது. விட்டுவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அத்தான், எல்லாப் படகுக்கும் இப்படித்தான் ஸ்லோ பண்றீங்களா?"

தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லம்மா. மத்தவங்களுக்கு ஓட்டத் தெரியும்."