பெருஞ்சீரகப் பேணிக்குள் இருந்த குளிசை

இன்று காலை கறித்தூளுக்கு வறுக்கவென்று பெருஞ்சீரகம் போட்டுவைத்த தகரப் பேணியைத் திறந்தேன். வாசம் மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். ஊரில் எல்லோருக்கும் பெருஞ்சீரகம் இறைச்சிக் கறியை நினைவூட்டும். எனக்கு மட்டும் உன் கொலஸ்ட்ரோல் குளிசை நினைவுக்கு வருகிறது. சிரிக்காதே, அது உன்னால் வந்த வினை.

ஒஸ்லோவின் புருசெத்தில், ஒரே கட்டடத்தில் நீ மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. கொழும்பில் உன் அண்ணா சின்ன வயதிலேயே மாரடைப்பில் போனதைக் கேட்டு, உன் குடும்ப மருத்துவர் உன் இரத்தத்தையும் சோதித்தார். கொழுப்பு மிக அதிகம், இது பரம்பரையாக வருவது, சாப்பாட்டைக் குறைத்தால் மட்டும் போதாது, தொடர்ந்து மருந்து வேண்டும் என்றார். நீ மறுபேச்சில்லாமல் போடத் தொடங்கினாய். ஆனால் குளிசை அட்டைகளைக் குளியலறை அலமாரியில் வைக்கமாட்டாய். வீட்டுக்கு வருகிறவர்கள் எதைத் திறந்தாலும் பெருஞ்சீரகப் பேணியைத் திறக்கமாட்டார்கள் என்று அதற்குள் புதைத்து வைத்தாய். அப்போது மகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியிருந்தீர்கள். தாய்க்குப் பரம்பரை வருத்தம், அந்த நோய் பிள்ளைக்கும் வரும் என்று ஒரு வாயில் விழுந்தால் போதும், ஒஸ்லோவைத் தாண்டி பேர்கன் வரைக்கும் போய்விடும் என்று பயந்தாய். நம் சனத்தை எனக்கும் தெரியும் என்பதால் நானும் அதை மறுக்கவில்லை.

அந்த மாரிகாலத்தில் உனக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை என்பதால் அவசர மருத்துவ நிலையத்துக்குப் போனாய். அங்கே இருந்த மருத்துவர் இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளை ஒருத்தி. தாய் யார், தகப்பன் யார், எந்த ஊர் என்றெல்லாம் உனக்கு ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது.

"வேறை குளிசையள் ஏதும் எடுக்கிறியளோ அன்ரி?" என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறாள்.

"இல்லைப் பிள்ளை" என்றிருக்கிறாய்.

நோர்வே மருத்துவரிடம் உடைந்த மொழியில் உடம்பின் மூலை முடுக்கெல்லாம் சொல்லுகிற நீ, தமிழில் கேட்டதும் வாயைப் பூட்டிக்கொண்டாய். அவள் சளிக்குத் தந்த மருந்து உன் குளிசையோடு சேரக்கூடாத மருந்து. சொல்லியிருந்தால் வேறொன்றைத் தந்திருப்பாள். உனக்குத் தெரியாது, இரண்டையும் சேர்த்து விழுங்கினாய். சில நாளில் தொடைகள் இரும்பாய்க் கனத்தன. மாடிப்படியில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாய். குளிர் என்றாய், தைலம் பூசினாய். சிறுநீர் கறுத்த தேத்தண்ணி நிறத்தில் போகிறது என்று நீ சொன்னதும்தான் நான் டாக்ஸியைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நரம்பில் சேலைன் ஏற்றினார்கள். தசை கரைந்து சிறுநீரகத்தில் அடைக்கப் பார்த்தது, இன்னும் பிந்தியிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார்கள். நீயோ, கண்ணைத் திறந்ததும் முதலில் சொன்னது, "அந்தப் பிள்ளையிலை பிழையில்லை. நான்தான் வாயைத் திறக்கேல்லை" என்று. பிறகு அவளிடமே போய் அதைச் சொன்னாய்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்தக் குளிசையைத் தூக்கிக் குப்பையில் போடு என்று புத்தி சொன்னார்கள். உன் அண்ணா போன விதத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள், நீ மறக்கவில்லை. உடம்பு தேறும்வரை நிறுத்தி, இரத்தம் சரியென்று வந்தபிறகு, மருத்துவர் சொன்ன வேறொரு குளிசையைக் குறைந்த அளவில் தொடங்கினாய். மகளையும் இழுத்துக்கொண்டு போய்ச் சோதித்தாய். அவளுக்கும் இருந்தது. அன்றைக்கு மட்டும் நீ என் சமையலறையில் இருந்து அழுதாய்.

அடுத்த மாதமே ஒஸ்லோவின் மறுபக்கம், ஹவுகெட்டோவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான்தான் தேத்தண்ணி கொண்டுவந்தேன். சாதகம் பொருந்தி, பேச்சு கலியாண மண்டபம் பிடிப்பது வரைக்கும் போய்விட்டிருந்தது. நீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, உனக்கும் மகளுக்கும் என்ன இருக்கிறது, அண்ணா எப்படிப் போனார், என்ன மருந்து என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாய். உன் மனிசன், அவளின் தகப்பன், நிலத்தைப் பார்த்தார். வந்தவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களிடமிருந்து தொலைபேசி வரவேயில்லை.

எனக்கே கோபம்தான். கலியாணம் முடிந்து ஆறுதலாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்: "நான் ஒளிச்சுக் கட்டிக் குடுத்தா, அவள் காலம் முழுக்கக் குளிசையை ஒளிச்சுத்தான் போடவேணும். ஒருநாள் நான் ஒளிச்சது போதாதோ?"

உன்னைச் சிநேகிதி என்று சொல்வதில் எனக்கு எப்போதும் பெருமைதான். ஆனால் அந்த நிமிடம் வந்த பெருமை வேறு. சனத்தின் வாய்க்குப் பயந்து பேணிக்குள் ஒளித்தவள், அதே சனத்தின் முன்னால் தலை நிமிர்ந்து இருந்தாய். உன்னைக் கொண்டுபோனது கடைசியில் வேறொரு வருத்தம். உன் இதயம் முடிவுவரை நன்றாகவே வேலை செய்தது என்று மருத்துவர் சொன்னபோது, அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு கர்வம் வந்தது.

பிறகு உன் மகளுக்கு நல்ல இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன்: அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். போன ஞாயிறு அவள் வீட்டில் சாப்பிட்டோம். பிள்ளை வேண்டும் என்று நினைத்தபோதே மருத்துவரிடம் பேசிக் குளிசையை நிறுத்திவிட்டாளாம். பால் கொடுத்து முடிந்ததும் திரும்பத் தொடங்க வேண்டும், பிள்ளைக்கும் ஒருநாள் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று மாமியாருக்குச் சோறு போட்டபடியே விளக்கினாள். குரலைத் தாழ்த்தவேயில்லை.

பிறகு மாமியார் என் பக்கம் சாய்ந்து, காதோடு காதாக, "உங்களுக்கும் கொலஸ்ட்ரோல் இருக்கோ?" என்று கேட்டார். எனக்கும் போன வருடம் குளிசை எழுதியிருக்கிறார்கள். மேசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி "ஓம், இருக்கு" என்றேன். என்ன குளிசை, எதோடு சேரக்கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

உன் மகள் கரண்டியோடு திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"அன்ரி, நீங்கள் அம்மா மாதிரியே கதைக்கிறியள்."