சொரூபத்துக்குப் பக்கத்தில் நின்றவன்

மாத்தளை
2009 மார்ச் 6

என் ராசா கபிரியேலுக்கு, அம்மாயியின் முத்தமும் ஆசீரும்.

உன் வழக்கைப் பேசும் லோயர் சுந்தரலிங்கம் ஐயா கேட்ட படத்தை உன் கம்பியூட்டரில் தேடுகிறேன். போன வருசம் கொழும்பில் குண்டு வெடித்த அன்று நீ என்னோடு வஹகோட்டை அந்தோனியார் கோயில் திருவிழாவில் இருந்தாய் என்று காட்ட அது ஒன்றுதானே இருக்கிறது! ஆனால் கம்பியூட்டர் கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டுத் தானாக அணைந்துபோகிறது. உன்னைக் கொண்டுபோன பிறகு நம் வாசலை மிதிக்கவே எல்லாருக்கும் பயம். நானும் ஒருவரையும் கெஞ்சமாட்டேன். என்ன செய்வதென்று நீயே எழுது.

அம்மாயி சவரியம்மா

*

தடுப்பு முகாம்
மார்ச் 17

அன்புள்ள அம்மாயிக்கு,

நான் சுகம். இருமல்தான் போகவில்லை. இதைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும், கம்பியூட்டர் வைத்தியம்தானே.

சூடு ஏறினால்தான் அப்படி அணையும். பெட்டிக்குப் பின்னால் காற்றாடி இருக்கிறது. வயரைக் கழற்றிவிட்டு, பழைய பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டுங்க. பெட்டிமேல் ஏதாவது போர்த்தியிருக்கீங்களா? தபசு காலமாச்சே, உங்களைத் தெரியாதா! எடுத்திடுங்க.

'திருவிழா' என்று பெயர் போட்ட மஞ்சள் கோப்பில் கடைசிப் படம். நான் அந்தோனியார் சொரூபத்துக்குப் பக்கத்தில் நிற்க, நீங்கதானே கெமராவை வாங்கி எடுத்தீங்க? நான் இன்னும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கபிரியேல்

*

மாத்தளை
மார்ச் 28

என் ராசாவுக்கு,

கோயிலில் சொரூபங்களை மூடுகிற மாதிரி நானும் ஊதாத் துணியால் மூடித்தான் வைத்திருந்தேன். காற்றாடிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. தபசு முடியுமுன் துணியை எடுக்கக் கை கூசியது. எடுத்துவிட்டேன். அந்தோனியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். இப்போது அணைவதில்லை.

படமும் கிடைத்தது. எப்படிச் சொல்வேனடா? புனிதரின் தலை வெட்டுப்படக் கூடாதென்று அவரையே பார்த்து எடுத்திருக்கிறேன். அவர் தலையிலிருந்து பாதம்வரை முழுசாக நிற்கிறார். நீ இல்லை. சொரூபம் தூக்கும் தண்டைப் பிடித்த உன் வலது கை மட்டும், சட்டைக் கையோடு, ஓரத்தில் தெரிகிறது.

"ஒரு கைய வச்சு என்னத்தம்மா வாதாடுறது?" என்றார் படத்தைப் பார்த்த லோயர் ஐயா.

"அது என் பேரன் கைங்க! றப்பர் பால் வெட்டுற கத்தி கீறின தழும்பு தெரியலையா? அந்தச் சட்டையத் தச்சதே நான்தானே!"

"நீங்க சொல்லுவீங்க. அவுங்க நம்பணுமே."

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வழக்கு. கூண்டில் ஏறுவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நீதவான் கேட்டால் கையை நீட்டு. மறைக்காதே, நடுங்காதே. மிச்சத்தை நான் சொல்கிறேன்.

உன் அம்மாயி
சவரியம்மா